கைதுக் காட்சியில் ஒரு முகம்

அந்தப் படம் எங்கள் வீட்டில் ஓடாது. கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்த முதல் வருடமே இது எனக்குத் தெரிந்துவிட்டது.

தலைவரின் பிறந்த நாளன்று ஒரு சேனலில் காலையிலேயே அதைப் போட்டார்கள். நான் ஆசையாக டிவி முன்னால் உட்கார்ந்தேன். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டில் அந்தப் படம் என்றால் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம். தலைவரை முதன்முதலாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் காட்சி வந்ததும் என் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் அவர் அழுவார். ஆனால் மேனாம்பேட்டில், எழுத்துப் போடும்போது வரும் இசை கேட்டவுடனேயே என் மாமனார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமியார் ஈரக் கையோடு வந்து ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார்.

“அவருக்குப் புடிக்காது, வுடு” என்றார்.

வேறு கட்சிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் அறையில் தலைவரின் படம் மாட்டியிருந்தது. அன்று காலைதான் அதைத் துடைத்துக் கதம்பம் போட்டிருந்தார். தலைவர் மேல் இவ்வளவு பிரியம் உள்ளவருக்கு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் படம் மட்டும் ஏன் ஆகாமல் போயிற்று? அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. புது மருமகள், கேட்கவில்லை. பிறகு கேட்க மறந்தும் போனேன்.

மாமனார் குடும்பம் தலைமுறையாக மேனாம்பேட்டிலேயே இருந்தது. பயிர் வைத்த நிலத்தில் இப்போது எங்கள் அடுக்குமாடி நிற்கிறது. கீழ்த்தளத்தில் அவர்கள், இரண்டாவது மாடியில் நாங்கள். மற்ற வீடுகளில் மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். மாமனார் வயலைவிட்டு இளவயதிலேயே எஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர். தகடு அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினாராம். அந்த வேலையை ஏன் பாதியில் விட்டார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் வந்தபோது அவர் ஓய்வாக இருந்தார். மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது, வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவது, இவைதான் அவர் வேலை.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பார்வையில்லாதவர்கள் படத்தைக் கேட்டே புரிந்துகொள்வதற்காக, வசனங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் படிக்க வேண்டியதை எழுதிக் கொடுப்பவள் நான். ‘அவள் கதவைத் திறக்கிறாள். உள்ளே யாருமில்லை.’ இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், நாமாக எதையும் சேர்க்கக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி.

போன வருடம் எனக்கு வந்த வேலை, அந்தப் படம்.

பழைய நெகட்டிவிலிருந்து சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போவதாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அதே சமயம் கீழ்த்தளத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். தலைவரின் சின்ன வயது, பள்ளிக்கூடம், முதல் மேடை எல்லாம் சீராகப் போயின. பிறகு கைதுக் காட்சி வந்தது.

போலீஸ் வண்டியில் தலைவரை ஏற்றுகிறார்கள். வண்டி புறப்படுகிறது. அடுத்து, ஒரு சாலை நிறையக் கூட்டம். மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். வசனமே கிடையாது, வயலின்கள் மட்டும். கூட்டத்தின் முன்வரிசையில் ஓர் இளைஞன் கையை உயர்த்திக் கோஷம் போடுகிறான், முகம் கோணி அழுகிறான். கேமரா அவனை நெருங்கி அங்கேயே நிற்கிறது. என் அப்பா துண்டை எடுக்கும் இடம் இதுதான்.

சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அன்றுதான் அடையாளம் தெரிந்தது. என் கணவர் முகம் அது. அதே நெற்றி, அதே வாய். இடது புருவத்தில் மட்டும் நடுவே முடி இல்லாத ஒரு வெட்டு. அந்த வெட்டு என் கணவருக்குக் கிடையாது. கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு உண்டு.

நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். அவரேதான். அவர் பக்கத்தில் தலைவிரி கோலமாக ஒரு பெண். இருபது வயது இருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் மாமியார் இல்லை.

எழுதுவதற்காகக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஓட்ட ஓட்ட வேறு சில விஷயங்களும் உறுத்தின. தியேட்டரில் திரைக்கு வெளியே போய்விடும் ஓரங்கள்கூட நெகட்டிவில் இருக்கும். புதுப்பித்த பிரதியில் அந்த ஓரங்களும் வந்திருந்தன. கீழ் ஓரத்தில் தார் ரோட்டின்மேல் வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. பொரி. இன்னொரு ஓரத்தில் பச்சை மூங்கிலின் முனை ஒன்று எட்டிப் பார்த்து மறைந்தது. அதன்மேல் சாமந்திக் குவியல். தலைவரைச் சிறைக்கு அழைத்துப் போகும்போது ரோட்டில் எதற்குப் பொரி இறைப்பார்கள்?

‘மக்கள் தலைவருக்காக அழுகிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். அதை அழித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போனேன்.

மறுநாள் கீழே போய் மாமியாரோடு கீரை ஆய்ந்துகொண்டே பேச்சைக் கொடுத்தேன்.

“அத்தே, மாமா சினிமாவுல எதுலயாச்சும் நடிச்சிருக்காங்களா?”

அவர் கை நின்றது. “யாரு சொன்னா உனுக்கு?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மாவா? எந்தப் படத்த எழுதிக்கினு கீற இப்ப?”

நான் சொன்னேன். அவர் கீரைத் தட்டை அப்படியே தள்ளிவைத்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அவருகிட்ட மட்டும் சொல்லாத. கேட்டாருன்னா சோறு இறங்காது அவருக்கு.”

“ஏன் அத்தே?”

“அதெல்லாம் உனுக்கு எதுக்கு? உன் வேலயப் பாரு.”

இந்தப் பதிலுக்குப் பிறகு சந்தேகப்படாமல் யாரால் இருக்க முடியும்? என் மனம் எங்கெங்கோ போனது. முதல் மனைவியாக இருக்குமோ? அல்லது அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்களோ? மாமனார் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்தேன். எப்போதும்போல “இன்னாம்மா, டீ குட்ச்சியா?” என்று கேட்டுக்கொண்டு போனார். அந்தச் சாதாரணக் கேள்விகூட எனக்கு நடிப்பாகப் பட்டது.

அந்தக் காட்சியைப் போனில் ஏற்றிக் கணவரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். “ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்வாங்கல்ல, அதுல ஒருத்தன்” என்றார். புருவத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணையும் காட்டினேன். போனை என் கையிலிருந்து வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

“இவங்களத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“மூஞ்சி தெரியல. ஆனா கரையான்சாவடில ஒரு பொம்பள கீறாங்க” என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதில், ஒவ்வொரு போகியன்றும் அப்பா அவரைச் சைக்கிளில் கரையான்சாவடிக்குக் கூட்டிப்போவாராம். பையில் புது அரிசியும் வெல்லமும் இருக்கும். மெயின் ரோட்டில் ஒரு பேக்கரியில் பன் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அவர் மட்டும் ஒரு சந்துக்குள் போவார். ‘கூட வேலை பாத்தவரு ஊடு’ என்பார். ஒரு தடவை இவர் பன்னோடு பின்னாலேயே போய் எட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு பெண் கதவைத் திறந்தாள், பையை வாங்கினாள், ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாள். அப்பா மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அம்மாவுக்கு இது தெரியாது. நானும் சொல்லல. தெரிஞ்சா ஊடு இன்னா ஆவும்னு பயம். அப்புறம் பெரியவனான பிறகு நைனாகூடப் போறத நிறுத்திட்டேன். அவர் மட்டும் இன்னமும் போறாரு.”

தன் அப்பாவோடு என் கணவர் அவ்வளவாகப் பேசாததற்கு இத்தனை வருடமும் நான் வேறு காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த காட்சி, அவரை அப்பாவிடமிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வைத்திருந்தது.

“நேரா கேட்டுடலாம்” என்றேன். அவருக்கு மனமில்லை. நான்தான் கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனார் கீழே தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனில் அந்த முகத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். “மாமா, இது நீங்களா?”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தார். “அது நான் இல்லம்மா” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

நான் நகர்ந்தபோது பின்னாலிருந்து கேட்டார். “இந்தப் படம் மறுபடியும் வருதா?”

“ஆமா மாமா. புதுசு பண்ணி வெளியிடறாங்க.”

“எல்லாருக்கும் தெரியுமா? போன்லலாம் வருமா?”

“வரும்.”

“எப்ப?”

தான் இல்லாத படத்தைப் பற்றி ஒருவர் இத்தனை கேள்வி கேட்பாரா?

மறுநாள் காலை, சனிக்கிழமை, பூந்தமல்லியில் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஸ்கூட்டரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனார். அவர் போன பிறகு பார்த்தால் மூக்குக் கண்ணாடியும் டாக்டர் சீட்டும் பிரிட்ஜ் மேலேயே இருந்தன. நான் அதைக் கணவரிடம் காட்டினேன். அவர் பைக் சாவியை எடுத்தார். “கரையான்சாவடிதான். வா.”

எஸ்டேட் வழியாக வானகரம் போய் ஹைரோட்டில் ஏறினோம். வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. இதை ஆரம்பித்து வைத்தது நான்தானே என்று பின்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே வந்தேன். கரையான்சாவடியில் அந்தப் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருந்தது. ஆனாலும் அந்தச் சந்து எதுவென்று அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். ஒரு பச்சைக் கதவின் முன்னால் நின்றார். கதவு திறந்தே இருந்தது.

ஒற்றை அறை. பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலில் ஒரு வயதான அம்மாள். எங்கள் நிழல் விழுந்ததும் மாமனார் நிமிர்ந்தார். அவர் முகத்தில் பயம் இருந்ததை நான் பார்த்தேன்.

“நைனா, இது யாரு?” என்று கேட்டார் என் கணவர்.

மாமனார் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் தலையைச் சாய்த்து எங்கள் பக்கம் காதைக் கொடுத்தார். “யாரு அண்ணாத்தே வந்திருக்கிறது? உன் பையனா? குரல் உன்ன மாதிரியே கீது. உள்ள வா நைனா, குந்து. கூட யாரு, மருமகளா?”

அண்ணாத்தே என்ற அந்த ஒரு சொல்லில் என் கணவரின் தோள்கள் இறங்கின. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாளுக்குச் சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டிருந்தது. இன்னொன்றில் நிழல் மாதிரிதான் தெரியும். மாமனார் எதற்காக வந்திருந்தார் என்று அந்த அம்மாளே சொன்னார். “படம் மறுபடியும் வருதாம். நான் வேற யாரு வாயாலயாச்சும் கேட்டு மனசு ஒடஞ்சிடப் போறேன்னு சொல்றதுக்கு வந்திருக்காரு. இதுக்கு பஸ்ஸு ஏறி வரணுமா? எனுக்கு இன்னாத்துக்கு இப்ப கோவம்?”

பிறகு அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னதுதான் நடந்த கதை.

அந்த அம்மாளின் கணவரும் என் மாமனாரும் ஒரே பட்டறையில் ஒரே ஷிஃப்டில் பிரஸ் ஓட்டினார்கள். இணைபிரியாத சிநேகிதர்கள். ஒரு நாள் மெஷின் கோளாறில் அவர் இறந்துபோனார். அந்த அம்மாளைக் கல்யாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொழிலாளிகள் பாடையைப் பட்டறை வாசல் வழியாகத்தான் கொண்டுபோவோம் என்று நின்றார்கள். எஸ்டேட்டே திரண்டு வந்தது. அந்தப் பக்கம் எங்கேயோ படப்பிடிப்புக்கு வந்திருந்த ஒரு வேன் கூட்டத்தைப் பார்த்து நின்றது. கேமராவோடு இறங்கினார்கள்.

“நான்தாம்மா முன்னாடி போய் இன்னா வேணும்னு கேட்டேன்” என்றார் மாமனார். “நியூஸ் படம் எடுக்கறோம், கவர்மெண்டு பாக்கும், ஓனரு தப்பிக்க முடியாதுன்னு சொன்னாங்க. நம்பினேன். நம்ம ஆளுங்க கேமராவ வுட மாட்டோம்னு தகராறு பண்ணாங்க. நான்தான் சமாதானம் பண்ணி, வழி வுடச் சொன்னேன். இந்தம்மாவையும் முன்னாடி கூட்டினு வந்து நிக்க வச்சேன்.”

நிறுத்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அழுதது நெஜம். என் சிநேகிதன் கெடக்கறான், அழாம இன்னா பண்ணுவேன்? ஆனா கோஷம் போட்டேன் பாரு, அது ரெண்டாவது வாட்டி. மொத வாட்டி படத்துல சரியா வுழலையாம். இன்னொரு வாட்டி கைய தூக்கிக் கத்துங்கன்னு கேமராக்காரரு சொன்னாரு. நானும் கத்தினேன். செத்தவன பக்கத்துல வச்சிக்கினு, அந்தாளு சொன்னாருன்னு கத்தினேன். அதான் உன்கிட்ட நான் இல்லன்னு சொன்னேன்.”

பட்டறைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த நியூஸிலும் அது வரவில்லை. பிறகு தலைவர் படம் வெளியானது. எல்லோரையும்போல இவர்களும் ஆவடியில் போய்ப் பார்த்தார்கள். தலைவரைப் போலீஸ் பிடித்தது, திரையில் இவர்கள் வந்து அழுதார்கள். பாடையைக் காணோம். தியேட்டரில் சுற்றிலும் ஜனங்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். அந்த அம்மாள் எழுந்து நின்று, இருட்டிலேயே என் மாமனாரின் சட்டையைப் பிடித்தாராம்.

“‘என் புருசன் சாவ சினிமாக்காரனுக்கு வித்துட்டியா’ன்னு கேட்டேன்” என்றார் அவர். “எனுக்கு அன்னிக்கு அப்படித்தான் தோணிச்சி. பட்டறையில எல்லாருக்கும் அதே சந்தேகம். இவரு எதனா வாங்கிக்கினுதான் கேமராவ வுட்டாருன்னு. இவரு கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணாரு. யாரும் நம்பல. வேலைய வுட்டுட்டாரு.”

“அப்ப அந்தப் போகிப் பை?” என்று கேட்டார் என் கணவர்.

“அத்த மொதல்ல வாங்கவே மாட்டேன். வாசல்ல வச்சிட்டுப் பூடுவாரு. நான் எடுத்து ரோட்ல கொட்டுவேன். அப்பால ஒரு வருசம் வாங்கினேன், பேசல. அதுக்கப்பால ரொம்ப வருசம் கழிச்சி ஒரு நாள் யோசிச்சேன். காசு வாங்கினவன் இப்படி வருசா வருசம் வந்து வாசல்ல நிப்பானா? அன்னிக்குத்தான் குந்த சொன்னேன்.” பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உன்கிட்ட அந்தப் படம் கீதாமே? எனுக்குக் கண்ணு தெரியாது. இன்னா தெரியுதுன்னு நீ பாத்து சொல்லேன்.”

மாமனார் எழுந்து வெளியே போகப் பார்த்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

என் தொழிலே அதுதான். வயலின் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்சியை மெதுவாக நகர்த்தினேன்.

“ஒரு ரோடு. நிறைய ஜனங்க. மாமா முன்னாடி நிக்கறாங்க. நீங்க பக்கத்துல.”

“நான் இன்னா கட்டிக்கினு கீறேன்?”

“கட்டம் போட்ட புடவை. தலை விரிஞ்சிருக்கு. மாமா கையைப் பிடிச்சிருக்கீங்க.”

“ஆமா. வுழுந்துடப் போறேன்னு புடிச்சிக்கினேன். அப்புறம்?”

“கீழ ரோட்டுல பொரி கெடக்கு.”

“தியேட்டர்ல அது தெரியலையே.”

“இப்ப ஓரமெல்லாம் தெரியுது. வலது பக்கம் ஒரு மூங்கில் முனை வருது. அதுமேல சாமந்திப்பூ.”

“எல்லாம் மஞ்ச சாமந்தி. அவருக்குப் புடிக்கும்னு நான்தான் கேட்டேன். அவரு மொகம் தெரியுதா?”

நான் ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தேன். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. “இல்லைங்கம்மா. பூ மட்டுந்தான்.”

“சரி” என்றார். கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “அவரு அங்கதான் கீறாருன்னு படத்துலயே கீதுல்ல, அது போதும்.” மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். என் கணவர் அவர் முதுகில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் அப்பாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவர் நேராக மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். போகிப் பை, பேக்கரி, சந்து, அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தது எல்லாவற்றையும். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

“அடப்பாவி. அந்தப் பையில அரிசி போட்டதே நான்தானே! புது அரிசியில கல்லு பொறுக்கி, வெல்லம் தட்டி, நான்தான் கட்டிக் குடுப்பேன். நீ இத்தினி வருசமா உங்கப்பன சந்தேகப்பட்டுக்கினு கீறியா? என்ன ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?”

“நீயும் சொல்லலியே” என்றார் அவர்.

“அந்தாளு அவமானப்பட்டு வேலய வுட்டதப் புள்ளகிட்ட சொல்லிக்கினு இருப்பாங்களா?” என்று சத்தம் போட்டார் மாமியார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டார். பிறகு, சிரிப்பு அடங்கியதும், என்னைப் பார்த்து, “உன் மனசுல இன்னா இருந்துச்சோ, அத்த நீ சொல்லவே வேணாம்” என்றார். நான் பாத்திரம் எடுத்து வைப்பதுபோல அடுக்களைக்குள் போய்விட்டேன்.

காலியாக விட்ட இடத்தில் நான் இப்படி எழுதினேன்: ‘ஒரு சாலை. தரையில் பொரி சிதறிக் கிடக்கிறது. பூ போர்த்திய பாடையின் மூங்கில் முனை கடந்து செல்கிறது. ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் கைகோத்து அழுகிறார்கள்.’

எழுதியதைச் சரிபார்க்கும் பெண் இரண்டே நாளில் போன் செய்தாள். “மேடம், இது தலைவர் கைதாகிற சீன். பாடை எங்கேருந்து வந்துச்சு?”

“நிறுத்திப் பாருங்க. வலது ஓரம்.”

அவள் காட்சியை நிறுத்திப் பார்த்தாள். “மூங்கில் மாதிரி ஏதோ இருக்கு. பாடைன்னு எப்படிச் சொல்றீங்க? கட்சிக் கொடிக் கம்பாகூட இருக்கலாமே. பார்க்கறவங்க குழம்பிடுவாங்க மேடம்.”

கொடிக் கம்பில் யார் சாமந்தியைக் குவிப்பார்கள் என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவளுக்கு மேலே இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் தயங்குகிறார்களோ என்ற எண்ணம் வந்தது. இதுவும் என் சந்தேகப் புத்தியாக இருக்கலாம். கடைசியில் ‘பாடை’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பொரியையும் பூவையும் மூங்கிலையும் விட்டுவைத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை இல்லையென்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

படம் வெளியானதும் என் அப்பாவுக்குப் போன் செய்து அந்தக் காட்சியின் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “யாரோ உங்கிட்ட கதை விட்டிருக்கான். அந்தக் கூட்டம் தலைவருக்காகத்தான் அழுதுச்சு, எனக்குத் தெரியாதா” என்றார். அதில் ஒருவர் என் மாமனார் என்று சொன்னேன். “அவரே சொன்னாரா? அவரை எப்படி நம்பற?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு வரவில்லை.

மாமனார் இன்றுவரை புதிய பிரதியைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் காலை நான் வேலைக்கு நடுவே கீழே இறங்கியபோது மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அந்தப் படம் எடுத்தவரு பேரு இன்னும் மொதல்ல வருதாம்மா?”

“வருது மாமா. பெரிய எழுத்துல.”

“எங்க பேரு எதுனா?”

“இல்ல மாமா.”

“அதுவும் நல்லதுதான்” என்றார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டியைப் பார்க்கப் படியேறிப் போனார்.